பெட்டிக்கு ரெண்டு கிலோ போக

நான் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பகலில் பாலக்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மாலையில் ஸ்டெஃபி அக்காவிடம் ஜூடோ வகுப்பு. வகுப்பு முடிந்து பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறியதும் டைரியை எடுத்துவிடுவேன். அன்று யார் யாரைத் தூக்கிப் போட்டார்கள், எந்தக் காலால் தட்டினார்கள், விழுந்தவர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று எல்லாவற்றையும் எழுதுவேன். விழுந்தவர் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். இந்தப் பழக்கத்தை யாரும் ஒரு திறமையாக நினைத்ததில்லை. ஃபிராங்க்ளின் அண்ணன் மட்டும் நினைத்தார்.

ஃபிராங்க்ளின் அண்ணன் ஸ்டெஃபி அக்காவின் கதையைப் படமாக எடுக்கிறார். அவருக்கு இது முதல் படம். அக்காவாக அக்காவே நடிக்கிறார்.

"வெண்மதி, ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் எதுவும் மாறக் கூடாது. தலமுடி, சட்டப் பொத்தான், நிக்கிற எடம், எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும். இதுக்குப் பேரு கன்டினியூட்டி" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பிறந்தபோது பையன் என்று பதிந்து வேறு பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும்போது தான் பெண் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்டெஃபி ஆனார். அதை அவருடைய அம்மா பாக்கியமேரி ஏற்றுக்கொண்டார். அவருக்குக் குறை வேறு. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

"பொண்ணா இருக்கேன்னு சொன்னுச்சு, சரி இருன்னேன். பேர மாத்துனேன்னுச்சு, நல்ல பேருதான்னேன். ஆனா மாநிலப் போட்டிக்குத் தேர்வுன்னு போயிட்டு, சண்டையே போடாம வூட்டுக்குத் திரும்பி வந்துச்சு பாரு, அதத்தான் பாப்பா தாங்க முடியல. பயந்துக்கிட்டு வந்துருச்சு. கோயில்ல எல்லார்கிட்டயும் அதுக்குக் காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அக்கா பயந்து வரவில்லை. அன்று எடை பார்த்த இடத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை அம்மாவிடம் அவர் வாயால் சொல்லவில்லை. இப்போது படத்தில் அந்தக் காட்சியை எடுக்கும்போது அம்மா நேரில் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காகவே அம்மாவைக் கூட்டத்தில் நிற்கும் ஆட்களோடு சேர்த்து முதல் வரிசையில் நிறுத்தினார். "நடந்தது நடந்த மாதிரியே வரணும்ணே, ஒரு வார்த்தகூட மாத்தாதீங்க" என்று ஃபிராங்க்ளின் அண்ணனிடமும் சொல்லியிருந்தார்.

காட்சியை ஒரு தனியார் தக்காளி மண்டியில் எடுத்தோம். அங்கேதான் ஆள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிய எடை மெஷின் இருந்தது. எடை பார்க்கும் அதிகாரியாக மண்டியின் எடைக்காரர் முனிராஜையே நடிக்க வைத்தார்கள். கண்டிப்பான முகம், பெரிய மீசை. வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொன்னதும் எனக்கே அவரிடம் பயம் வந்தது. கூட்டமாக நின்றவர்கள் எல்லோரும், பாக்கியமேரி உட்பட, அவரிடம் தக்காளி கொண்டுவந்து போடும் விவசாயிகள். சாயங்காலம் தக்காளி வண்டிகள் வருவதற்குள் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

படப்பிடிப்பு தொடங்கும் முன் ஒரு சிக்கல் வந்தது. அக்கா சண்டை போடும் பிரிவின் எல்லை அறுபத்து மூன்று கிலோ. தேர்வு நாளன்று அவர் முந்நூறு கிராம் அதிகம் இருந்தார். மெஷினில் அந்த எண்ணைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று ஃபிராங்க்ளின் அண்ணன் விரும்பினார். ஆனால் அக்கா படத்துக்காக ஒரு மாதமாக அரைச் சாப்பாடு சாப்பிட்டு நன்றாக இளைத்திருந்தார். ஏறி நின்றால் அறுபத்திரண்டரைதான் காட்டியது.

"எடை கூடணும். கிட்ட என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

மண்டியில் கிட்ட என்ன இருக்கும்? அக்காவின் டிராக் பேன்ட் பாக்கெட்டுகளில் தக்காளிகளைப் போட்டு, வீக்கம் தெரியாதபடி மேலே ஒரு பெரிய டி-ஷர்ட்டை இழுத்து விட்டேன். 63.3 காட்டியது. எந்தப் பாக்கெட்டில் எத்தனை என்று குறித்துக்கொண்டேன்.

முதல் டேக். அக்கா மெஷினில் ஏறினார். முனிராஜ் எண்ணைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய வசனம்: "அறுபத்து மூணு முந்நூறு. எடை கூட. நீ கெளம்பலாம்."

அவர் சொன்னது: "அறுபத்து மூணு முந்நூறு, பெட்டிக்கு ரெண்டு கிலோ போக, அறுபத்தொண்ணு முந்நூறு. அடுத்தது!"

கூட்டம் சிரித்தது. ஃபிராங்க்ளின் அண்ணன் "கட்" என்றார். "முனிராஜண்ணா, இங்க பெட்டி எதுவும் கெடையாது."

"தெரியுது தம்பி. வாய் அதுவா பெட்டி எடையக் கழிச்சிருது. எத்தன வருசப் பழக்கம்!"

இரண்டாவது டேக்கிலும் கழித்தார். மூன்றாவதில் "அறுபத்து மூணு முந்நூறு" என்று சரியாக நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "எடை..." என்று தொடங்கியவர் அக்காவைப் பார்த்தார். "பெட்டி போக சரியாத்தான் இருக்கு பாப்பா, நீ போய் வெளாடு" என்றார். கூட்டத்தில் கைதட்டல். பாக்கியமேரியும் கைதட்டினார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மெஷினைவிட்டு இறங்கி என் பக்கம் வந்து நின்றார். "அன்னைக்கு ஒருத்தன் போன்னு சொன்னான். இன்னைக்கு ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேங்கறாங்க. எங்கம்மா இப்ப நான் பாஸாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றியது. ஆனால் சொல்லலாமா என்று தெரியவில்லை. என் குறிப்புப்படி, கழிக்கும் முன் ஒவ்வொரு டேக்கிலும் முனிராஜின் இடது கை தானாக நீண்டு, பெட்டியைத் தட்டுவதுபோல் அக்காவின் தோளைத் தட்டியது. தட்டியதும் வாய் கழித்தது. ஐந்தாவது டேக்கும் வீணான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணா, அவர் கையப் பின்னால கட்டிக்கிட்டா சரியாகுமோ என்னமோ. நான் தப்பாகூடப் பாத்திருக்கலாம்" என்றேன்.

முனிராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாவது டேக். "அறுபத்து மூணு முந்நூறு. எடை கூட. நீ கெளம்பலாம்."

அக்கா மெஷினைவிட்டு இறங்கத் தொடங்கினார். அன்றும் அவர் இப்படித்தான் இறங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"நில்லு!"

முதல் வரிசையிலிருந்து பாக்கியமேரி வந்துகொண்டிருந்தார்.

"என்னாய்யா முனிராஜு, எடை கூடன்னா கெளம்பலாமா? திருப்பி எடை போடு!"

"மேரியக்கா, இது வசனம்க்கா."

"என்ன வசனம்? தக்காளிக்குக் கேட்டா திருப்பிப் போடுற இல்ல? புள்ளைக்குப் போட மாட்டியா? போடுய்யா!"

கூட்டம் சும்மா இருக்குமா? முனிராஜிடம் மனக்குறை இல்லாத விவசாயி அங்கே ஒருவரும் இல்லை. "திருப்பிப் போடு! திருப்பிப் போடு!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஃபிராங்க்ளின் அண்ணன் "கட்" சொல்ல மறந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

முனிராஜ் கையை அவிழ்த்தார். மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அக்கா மறுபடி ஏறினார். 63.3.

"பாத்துக்க. கூடத்தான் இருக்கு" என்றார் முனிராஜ்.

பாக்கியமேரி மெஷினைச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். பிறகு மகளின் டி-ஷர்ட்டைத் தூக்கிப் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு தக்காளி வந்தது. அவர் அதையே பார்த்தார். இன்னொன்று வந்தது. மற்றப் பாக்கெட்டிலிருந்தும் வரத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் மெஷினில் எண் இறங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது.

"அறுபத்திரெண்டு ஐநூறு! பாஸு!" என்று முனிராஜ் தன்னை மறந்து கூவினார்.

"யாருடி இதப் போட்டது?" என்றார் பாக்கியமேரி. நான் டைரியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் தக்காளிகளை மடியில் கட்டிக்கொண்டு மகளிடம் திரும்பினார். "அன்னைக்கும் இப்படித்தான் எவனாச்சும் உன் பாக்கெட்ல போட்டு வெச்சானா?"

அக்கா மெஷின்மேலேயே நின்றார். "இல்லம்மா. அன்னைக்கு நெசமாவே முந்நூறு கிராம் கூடத்தான்."

"பின்ன?"

"இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கூட இருந்துச்சு. ஒரு மணி நேரம் ஓடிட்டு வாங்க, திருப்பிப் போடலாம்னு அவங்களுக்குச் சொன்னாங்க. என் சர்டிபிகேட்ல பழைய பேரப் பாத்தாங்க. நீ கெளம்பலாம்னுட்டாங்க."

பாக்கியமேரி மெஷினுக்கு இன்னும் கிட்ட வந்தார். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அங்க வந்து சண்ட போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

"நீ போடாத சண்டைய நானாச்சும் போட்டிருப்பேன் இல்ல?"

இதற்கு அக்கா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். முனிராஜும் வெள்ளைச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஃபிராங்க்ளின் அண்ணன் குதித்துக்கொண்டு வந்தார். "இதையே வெச்சுக்கலாம்! இப்படி ஒரு காட்சி யோசிச்சாலும் வராது!"

"வேணாம்ணே" என்றார் அக்கா. "அன்னைக்கு எனக்காக யாரும் திருப்பிப் போடச் சொல்லல. நடந்த மாதிரியே எடுங்க."

வெளியே முதல் வண்டியின் ஹாரன் கேட்டது. இன்னும் ஒரே ஒரு டேக்குக்குத்தான் நேரம். தக்காளிகளை மறுபடி பாக்கெட்டில் வைக்க பாக்கியமேரி விடவில்லை. எண்ணைத்தான் முந்தைய டேக்கில் எடுத்தாயிற்றே, இப்போது முகம் மட்டும் போதும் என்று ஃபிராங்க்ளின் அண்ணன் விட்டுக்கொடுத்தார். "பெரியம்மா, நீங்க மட்டும் பேசாம நிக்கணும்" என்று கெஞ்சினார்.

"நிக்கறேன். சத்தியமா."

முனிராஜ் கையைப் பின்னால் கட்டினார். அக்கா ஏறினார். வசனம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. "நீ கெளம்பலாம்." அக்கா இறங்கி, தலையைக் குனிந்தபடி முதல் வரிசையைக் கடந்து போனார்.

பாக்கியமேரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உதடுகூட அசையவில்லை. ஆனால் முந்தைய டேக்குகளில் வெறுமையாக இருந்த அவருடைய வலது கையில் இப்போது ஒரு தக்காளி இருந்தது. மடியிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அக்கா அவரைக் கடந்தபோது அந்தக் கை இறுகியது. தக்காளி உடைந்து, சாறு முழங்கை வரை வழிந்தது.

"கட்! கன்டினியூட்டி ஓகேயா வெண்மதி?"

பொருந்தவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் இன்னொரு முறை அக்காவைப் பார்த்து "கெளம்பலாம்" என்று சொல்லவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஓகே அண்ணா" என்றேன்.

முனிராஜ் பாக்கியமேரியிடம் ஓடினார். "மேரியக்கா, கோவம் இல்லியே? நான் சும்மா நடிச்சேன்க்கா."

"தெரியுது. நல்லாத்தான் நடிச்ச. நாளைக்கு என் பெட்டிய எடை போடுவ இல்ல, அப்பப் பேசிக்கலாம்" என்ற பாக்கியமேரி, தக்காளிக் கையை அவருடைய வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. இனி யார் நினைத்தாலும் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.