ஹாஜியாரின் கெப் விட்ட புகை

என் கராஜுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: புகை என்ன நிறம்? நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெள்ளையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது, இல்லாவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை. கறுப்பென்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. இவ்வளவுதான் விஷயம். 'புகை வருது பாஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு மரம் மாதிரி நிற்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கோபத்தால்தான் என் மனைவி ஐந்து வருடத்துக்கு முன்னால் ஹட்டனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. கெலிஓயாவில் கராஜும், பின்னால் இரண்டு அறைகளும், நானும் மிஞ்சினோம். அவள் தைத்துப் போட்டிருந்த மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் சீலைகளைக் கழற்றிக் கிழித்து, கராஜ் வேலைக்கு வைத்துக்கொண்டேன். இனி யாருக்கு ஜன்னல் சீலை?

அதற்குப் பிறகு என்னோடு சிரித்துப் பேசின ஒரே ஆள் அக்குறணை முஹைதீன் ஹாஜியார். மிளகு, கராம்பு வியாபாரம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கம்பளைப் பக்கம் சரக்கு எடுக்கத் தன் பழைய டீசல் கெப் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். வரும்போது இரண்டு சோற்றுப் பார்சல் கொண்டு வருவார், ஒன்று எனக்கு. கைப்பிடி உடைந்த என் கதிரையில் உட்கார்ந்து, மிளகு விலையில் தொடங்கி மருமகனின் குறட்டை வரைக்கும் பேசுவார். நான் ஆள் துணையோடு சாப்பிட்டது அந்த இரண்டு நாட்களில்தான்.

போன வருடம் அவருடைய கெப்பைப் புகைப் பரிசோதனைக்குத் தயார் பண்ணிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு முன்னால் பம்ப்பின் திருகாணியைத் திருகி டீசலைக் குறைப்பார்கள். வண்டி பாஸாகும். பிறகு மேடு ஏறச் சத்தில்லை என்று திரும்பவும் கூட்டி வைப்பார்கள். அடுத்த பரிசோதனை வரைக்கும் ஊரெல்லாம் கறுப்புப் புகை. நான் அந்த ஏமாற்று வேலை செய்வதில்லை. காற்று ஃபில்டர் மாற்றி, காற்றுக் குழாயைக் கழற்றிக் கழுவி, இன்ஜெக்டர் பார்த்து, ஹாஜியாரின் வண்டியை நேர்மையாகத்தான் பாஸ் பண்ண வைத்தேன்.

மூன்றே வாரத்தில் கறுப்புப் புகையோடு வந்து நின்றார்.

"மேட்டுல ஏறக்குள்ள பின்னுக்கு வாற ஒத்தருக்கும் ரோட்டு தெரியல்ல, தியாகு."

ஃபில்டரைப் பார்த்தேன். புத்தம் புதிது. அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். என் வேலையில் பிழை இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

"பம்ப்ல யாரு கை வச்சது?"

"ஒத்தரும் தொடல்ல."

"பொய் சொல்லாதீங்க ஹாஜியார். வேற எங்கயோ குடுத்து திருகாணிய கூட்டிட்டு, எங்கிட்ட வந்து நிக்கிறீங்க. அங்கயே கொண்டு போங்க."

அறுபத்தெட்டு வயது மனிதர். ஐந்து வேளையும் தொழுகிறவர். முகம் செத்துப்போயிற்று. "நான் பொய் செல்லல்ல" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். கொண்டுவந்த பார்சல் இரண்டையும் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவர் வரவில்லை. எட்டு மாதம். போனை எடுப்பேன், பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். பிழை அவருடையது, அவரே பேசட்டும் என்று வீம்பு. ஆனால் சனிக்கிழமை மதியமானால் என் காது தானாக ரோட்டுப் பக்கம் போகும். அந்த மனிதர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுதான் உண்மை.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கெப் வந்தது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கதிரையின் தூசியைத் தட்டிவிட்டு வெளியே ஓடினேன். இறங்கினவர் வேறு ஆள். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அரூஸ் என்றார்.

"ஹாஜியாரிட்ட வாங்கின வண்டி, பாஸ். புகையால அவருக்கு சரக்கெடுக்கப் போக ஏலாமப் போச்சி, வேற கராஜ்ல குடுக்கவும் இல்ல. யாவாரத்த மூடிட்டு கொழும்புல மகளோட போய் ஈக்கிறார். தியாகராஜா பாஸ்தான் இத கண்டுபிடிப்பார் என்டு அவர்தான் செல்லி அனுப்பினார்."

"அவரே ஏன் கொண்டு வரல?"

"நானும் கேட்டன். ஒன்டும் செல்லல்ல."

முதலில் பம்ப்பைப் பார்த்தேன். திருகாணியில் எப்போதோ நான் அடையாளத்துக்கு வைத்த சிவப்புப் பெயிண்ட் பொட்டு கலையாமல் இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

காற்றுக் குழாயைக் கழற்றினேன். ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில், வளைவில், ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது. குறடால் பிடித்து இழுத்தேன். கறுத்து இறுகிப்போன துணி. விரித்துப் பார்த்தால் நடுவில் மஞ்சள் பூ.

வேலை செய்யும்போது திறந்த குழாய்க்குள் தூசி விழாமல் இருக்க நான்தான் திணித்திருக்கிறேன். எடுக்க மறந்திருக்கிறேன். முதலில் ஓரமாகக் கிடந்தது, வண்டி ஓட ஓட இழுபட்டுப் போய் வளைவில் இறுகிவிட்டது.

"என்ன பாஸ் அது?" என்றார் அரூஸ்.

"என்னோட துணி. நான் விட்ட பிழை."

குழாயைப் பொருத்தி இஞ்சினை முறுக்கினேன். தேங்கியிருந்த கரி ஒரு தடவை வெளியே வந்தது, பிறகு ஒன்றுமில்லை. அரூஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பின்னால் போன பஸ் தெளிவாகத் தெரிந்தது. நான் உள்ளே வந்து, கை கழுவாமலே போனை எடுத்தேன்.

"தியாகு. சாப்பிட்டீங்களா?" எட்டு மாதம் கழித்து அவர் கேட்டது அதுதான்.

"ஹாஜியார், பம்ப்ப யாரும் தொடல. குழாய்க்குள்ள என்னோட துணிதான் கெடந்துச்சி. நான் மறந்துட்டு உங்கள பொய் சொல்றீங்கன்னேன். மன்னிச்சிருங்க."

"புகை நின்டுட்டா?"

"நின்னுருச்சி. மேட்டுல சும்மா பறக்குது."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல வண்டி அது."

"சனிக்கிழம இந்தப் பக்கம் வாங்களேன். பார்சல் நான் வாங்கி வைக்கிறேன்."

அவர் சிரித்தார். அதே பழைய சிரிப்பு.

"வரத்தான் ஆச, தியாகு. வாரதுக்கு வண்டி இல்லயே."