மூன்றாம் பாகத்தில் ஓடியவன்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான பெரியவர், திரைக்கதை எழுதும் அவருடைய தம்பி, தம்பி மகள், அவளுடைய ரசிகர் மன்றத் தோழன்.

தம்பி எழுதிய தொடர்படத்தின் மூன்றாம் பாகத்தில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் அண்ணனை விட்டுவிட்டு நாயகன் ஓடிவிடுகிறான். அந்தக் காட்சியை நீக்கச் சொல்லும் மனுவைத் தோழன் கையெழுத்துக்காகப் பெரியவரிடம் நீட்டினான்.

"முதல் பாகத்துல எட்டாவது மாடியில இருந்து குதிச்சவன் ஐயா, ஆஸ்பத்திரி வாசனைக்கு ஓடுவானா? படக் கம்பெனிக்காரங்க திணிச்சது."

"இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கான்," என்றாள் தம்பி மகள்.

"நீ சும்மா இரும்மா. நம்ம வீட்டுப் பேனா இப்படி எழுதாது," என்று பெரியவர் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"போடாதீங்கண்ணே," என்றார் தம்பி. "கம்பெனி வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா வெச்சேன்."

"எதுக்கு? நாலு பேர் சிரிக்கவா?"

"உங்க நெஞ்சு ஆபரேஷன் அன்னைக்கு ஷூட்டிங்னு சொன்னேனே, அது பொய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரப் பயந்து பஸ் ஏறிட்டேன்."

மயக்கம் தெளிந்ததும் தம்பியைத்தான் முதலில் தேடினார் பெரியவர். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பேனாவை மூடினார்.

"வாசல் வரைக்கும் வந்தியாடா?"

"வந்தேண்ணே."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்று தம்பியின் தோளில் கை வைத்தார். மனுவைத் தோழனிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் காட்சியைக் கம்பெனி திணித்ததாக ரசிகர்கள் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அது உண்மையல்ல. எழுதியவர் தம்பிதான்.