பெயருக்கு முன்னால் 786

எர்ணாவூர் மெயின்ரோட்டில் வல்லரசுவின் டயர் கடையைப் பார்க்கிற லாரிக்காரர்கள் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள். உள்ளே சுவரில் புத்தர் படம், வெளியே பலகையில் கடைப்பெயருக்கு முன்னால் 786. முஸ்லிம் வியாபாரிகள் அல்லாஹ்வின் பெயரால் தொடங்குவதற்கு அடையாளமாகப் போடும் எண் அது. வியாசர்பாடி வல்லரசுவுக்கோ அது அலி அக்பர் பாய். வாடகைக்குக் கடை தேடிப் போனவரை எந்த ஏரியா என்று கேட்டு, சாதியை ஊகித்து ரோடு முழுக்கக் கையை விரித்த காலத்தில், தன் கடையில் பாதியைத் தடுத்துக் கொடுத்த மனுஷன். எண்ணைப் போடச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. வல்லரசுதான் அடம்பிடித்து எழுதவைத்தார்.

இப்போது ஒரு கன்டெய்னர் யார்டு தன் வண்டிகளின் டயர் வேலை மொத்தத்தையும் தருவதாகச் சொல்லியிருந்தது. பதிவு செய்ய வெப்சைட் முகவரி வேண்டும், அதுவும் இன்று சாயங்காலத்துக்குள். மகள் சங்கமித்ரா போனில் கடைப்பெயரை ஆங்கிலத்தில் அடித்தாள். 786க்குப் பிறகு இடம் விட்டாள், செல்லாது என்றது. அடிக்கோடு போட்டாள், அதுவும் செல்லாது. எண் முன்னால் வந்தால் ஏற்காது போல, எடுத்துவிடலாம் என்றாள்.

“அப்ப வெப்சைட்டே வாணாம்” என்றார் வல்லரசு.

வருஷம் முழுக்கச் சோறு போடுகிற வேலை என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொல்லிவிட்டார்.

டீயோடு வந்த பாய் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பலகையில் இருந்தால் போதாதா, பிழைக்கிற வழியைப் பார் என்று திட்டினார். வல்லரசு அசைந்து கொடுக்கவில்லை.

சங்கமித்ரா அப்போதுதான் கீழே இருந்த விதிகளைப் படித்தாள். எழுத்தும் எண்ணும் செல்லும். இணைப்புக்கோடு மட்டும் முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. எண் முன்னால் வர எந்தத் தடையும் இல்லை. அடிக்கோட்டை எடுத்துவிட்டு, 786ஐயும் பெயரையும் ஒட்டி அடித்தாள். ஏற்றுக்கொண்டது.

வல்லரசுவின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார். “நீ இல்லாங்காட்டி நா இல்ல பாய்.”

பாய் டீயைக் கீழே வைத்தார்.

“போடா. எம் பொஞ்சாதி மவுத்தான அப்பாலிக்கா நா கடைய மூடிகினு வூட்லயே கெடந்தேன். ஒனக்குப் பாதி குடுத்ததே, காலில ஷட்டரத் தொறக்க ஒரு ஆளாவது வருவான்னுதான். நீ தெனம் வந்துகினே இருந்த. அதான் நானும் கீறேன்.”