முன்பக்கப் பித்தான்

மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதியபோது சந்தனமாரி இரண்டாவது பித்தானில் இருந்தாள்.

வெளியே பாடை கட்டி முடித்தாயிற்று. வெயிலம்மாளைக் குளிப்பாட்டி, கோடிச்சேலை உடுத்தி, முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் வாய்க்கரிசி போட்டுவிட்டால் தூக்கிவிடலாம். மேற்கே மேகம் கறுத்திருந்தது. சுடுகாட்டுப் பாதை முழுக்கக் கரிசல். மழை விழுந்தால் சேறு காலை விடாது. பாடையோடு நடக்க முடியாது.

உக்கிரபாண்டி மகளின் முன்னால் குத்தவைத்திருந்தான். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு வயது. நாக்கைக் கடித்தபடி துளையைத் தேடினாள்.

அவன் அக்கா மாடத்தி உள்ளே வந்தாள்.

"இன்னுமா? ஏட்டி, கவுனத் திருப்பிப் போட்டிருக்க. பித்தான் முதுகுப் பக்கமில்லா வரணும்."

"இல்ல அத்த. அம்மா முன்னால வச்சுத் தச்சிட்டா."

மாடத்தி குனிந்து பார்த்தாள். புதியம்புத்தூரில் வாங்கிய ரெடிமேட் கவுன். முதுகுத் திறப்பை மூடித் தைத்து, முன்பக்கம் வெட்டிப் பித்தான் வைத்திருந்தது. தையல் கோணல். படுத்துக்கொண்டே தைத்தது.

"வா, நான் போட்டுவிடுதேன்."

"வேண்டாம். ஆராச்சும் போட்டுவிட்டா அம்மா பேச மாட்டா."

மாடத்தி தம்பியைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சித்திரையில் கட்டிலில் விழுந்த நாளிலிருந்து வெயிலம்மாள் பிள்ளைக்கு உடுத்திவிடவில்லை. கிடந்தபடியே சொல்லுவாள். "அடியில இருந்து வா. அப்பத்தான் கோணாது." பிள்ளை அழும். "ஒரு பித்தான் போட்டுவிட்டா ஒங் கையி தேஞ்சா போயிரும்?" என்று உக்கிரபாண்டி ஒருநாள் வைதான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாசலில் வெயிலம்மாளின் தாய்மாமன் சின்னக்கருப்பன் வந்து நின்றார்.

"மாப்ள, தூத்தல் விழுது. புள்ளயத் தூக்கிட்டு வாரும்."

"இந்தா வாரோம், மாமா."

"தாலி கெட்டுன அன்னைக்கும் இவ ஆத்தா இப்படித்தான் எல்லாரையும் காக்கப் போட்டா."

வெளியே யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

மூன்றாவது ஏறியது. நான்காவதும் ஏறியது. கழுத்துப் பித்தான்தான் பாக்கி. அது அவள் கண்ணுக்குத் தெரியாது. விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. உக்கிரபாண்டியின் கை நீண்டு அதைத் துளைக்குள் தள்ளிவிட்டது.

சந்தனமாரி அழவில்லை. அவனைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கழற்றினாள். மறுபடி அடியிலிருந்து போட ஆரம்பித்தாள்.

அவன் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஓட்டில் மழை விழுந்தது.

"ஏலே, அவ மேலெல்லாம் நனையுது. தார்ப்பாயப் பிடிங்கலே," என்றது சின்னக்கருப்பன் குரல்.

"மாரி," என்றான் உக்கிரபாண்டி.

அவள் நிமிரவில்லை. உதட்டை மடித்து, மோவாயை உயர்த்தி, கழுத்தடியில் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏறியது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவனுக்காக நிற்காமல் ஓடினாள்.

தார்ப்பாய்க்கு அடியில் மாடத்தி அவள் கையில் அரிசியை வைத்தாள். சந்தனமாரி அதைப் பொத்திக்கொண்டு, குனிந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"நானே போட்டுட்டேம்மா. அப்பா போட்டுவிட்டத அவுத்துட்டேன்."