கல்ஃபானின் அத்தர்

ஸுவைனா இத்தா இருந்தாள். கணவன் கல்ஃபான் மாரடைப்பில் போனதிலிருந்து கண்ணில் மை இல்லை, உடம்பில் ஒரு பொட்டு அத்தர் இல்லை. மத்ராவில் பாதிப் பேருக்கு மணம் கலந்து கொடுத்தவள், இப்போது வாசமில்லாத சோப்பாகத் தேடித் தேய்த்துக்கொள்கிறாள். நாலு மாதம் பத்து நாளுக்கு விதவைக்கு விதித்தது அது. ஒரே ஒரு எண்ணம்தான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. பிள்ளை இல்லையே, இரண்டாவது கட்டு என்று ஊரே நச்சரித்தும் கல்ஃபான் மாட்டேன் என்றவன். கடைசிவரை அவளுக்கு மட்டும்தான் புருஷன். பர்காவில் உள்ள பேரீச்சந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் இரவுகளைத் தவிர, வீட்டைவிட்டு நகராதவன்.

காலையில் ஃபத்ஹியா வந்தாள். பழைய வாடிக்கைக்காரி, போன வருஷம் பர்காவுக்குக் குடிபோனவள். அவள் தெருமுனை திரும்பும்போதே குங்குமப்பூ வாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இன்று கதவைத் திறந்த பிறகுதான் வந்தது தெரிந்தது.

கஹ்வாக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுற்றி வளைத்தாள்.

"அக்கா, அவருக்குன்னு ஒண்ணு கலப்பீங்களே, அதுல ஒரு சின்னக் குப்பி கிடைக்குமா? இப்ப வேணாம். அப்புறமாப் போதும்."

"அதை யாருக்கும் குடுக்கறதில்லடி. அது எப்படி இருக்கும்னு உனக்கென்ன தெரியும்?"

"மொதல்ல மிளகு சுள்ளுன்னு மூக்குல ஏறும். அப்புறம் கிராம்பு, தேவதாரு."

"அவருக்கு ஸலாம் சொன்ன அத்தனை பேருக்கும் அது தெரியும்."

ஃபத்ஹியா தலையைக் குனிந்துகொண்டாள். "விடியறப்ப அதெல்லாம் போயிடும்க்கா. அகில் மட்டும் மிஞ்சும். வேர்வையோட சேர்ந்து, மழையில நனைஞ்ச பழைய கதவு மாதிரி."

அந்தக் கடைசி வாசம் தலையணைக்குத்தான் தெரியும். எங்காவது கேள்விப்பட்டிருப்பாள் என்று ஸுவைனாவின் மனம் சாக்குத் தேடியது.

அதற்குள் நாத்தனார் ராயா, விருந்தாளியை வழியனுப்பும் வழக்கப்படி, தூபக்காலில் அகில் புகைய எடுத்துவந்து நீட்டினாள். ஃபத்ஹியா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம், தலைவலி."

"உனக்கா? அகில் கட்டையையே கடிச்சுத் தின்னுடுவியே நீ!" என்று ராயா சிரித்தாள்.

ஸுவைனா சிரிக்கவில்லை. எதிரில் இருந்தவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணில் மை இல்லை, கையில் மருதாணி இல்லை.

"உனக்கு எப்ப முடியுது?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு முடியற அன்னைக்குத்தான்க்கா."

ராயா ஒன்றும் புரியாமல் தூபக்காலை நீட்டியபடியே நின்றாள். இருவரில் ஒருத்தியும் அதை வாங்கவில்லை.