இடது தோள் இறங்கிய கார்டிகன்

கண்டக்டர் இறந்த பிறகு வாரத்துக்கு அரை அங்குலம் இளைத்தார். இதை முதலில் கவனித்தது அவர் மனைவிதான். அவள் வீட்டிலேயே கம்பளி உடுப்பு பின்னிக் கொடுப்பவள், கழுத்தில் அளவு டேப் எந்நேரமும் தொங்கும். அவர் போன மூன்றாம் வாரம், ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி சாயங்காலமானால் கடகடவென்று நடுங்கத் தொடங்கியது. ஆள் தெரியவில்லை. அவள் நாற்காலிக்கு மேலிருந்த காலி இடத்தைச் சுற்றி டேப்பைப் போட்டாள். நாற்பதில் நின்றது. அவருடைய மார்பளவு அதுதான். அடுத்த வாரம் முப்பத்தொன்பதரை, அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்பது. கண்டக்டரின் தங்கை பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வந்து, தானும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினாள். இப்படியே போனால் ஒன்றரை வருடத்தில் டேப்புக்குள் ஒன்றும் இருக்காது.

"குளிருலதான் அண்ணி இளைக்கிறாரு. ஊருக்கெல்லாம் பின்னிக் குடுத்தீங்க. இவரு காலம் முழுக்கக் கடைத்துணியிலதான் ஓட்டினாரு."

"கேட்டாதானே பின்னுவாங்க."

"கேக்கவே இல்லையா?"

"கேட்டாரு," என்றாள் அவள். "ரெண்டு தடவை."

டீச்சர் தன் சால்வையை எடுத்து நாற்காலியில் போர்த்திவிட்டுப் போனாள். அது நழுவி விழுந்துகொண்டே இருந்தது, மனைவி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் கால் அங்குலம்தான் குறைந்தது. அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. நழுவாத ஒன்று வேண்டும். சால்வை நிற்காததற்குக் காரணம் அவருடைய இடது தோள். இருபத்தாறு வருடம் டிக்கெட் பையைச் சுமந்ததில் அது வலது தோளைவிட ஓரங்குலம் இறங்கியிருந்தது. கடையில் வாங்கி மாட்டிய ஸ்வெட்டரும் அந்தப் பக்கமாகவே சரிந்தது. தலைவழியாகப் போடும் வகையும் ஆகாது. கையைத் தூக்குவது கடைசிக் காலத்திலேயே அவருக்குப் பெரும்பாடு. ஆக, முன்பக்கம் திறந்து பொத்தான் வைத்த கார்டிகன்தான், அதுவும் அவர் உடம்புக்கென்றே பின்னியது.

கண்டக்டர் முப்பத்தெட்டுக்கு வந்தபோது அவள் ஊசியை எடுத்தாள். வாடிக்கைக்காரர்களின் வேலையையும் தள்ள முடியாது என்பதால் பத்து வாரம் ஆகும். எனவே இன்றைய அளவுக்குப் பின்னுவதில் பயனில்லை, பத்து வாரம் கழித்து அவர் இருக்கப்போகிற முப்பத்துமூன்றுக்குத்தான் பின்ன வேண்டும். அதன்மேல் இரண்டு அங்குலம் தளர்வு விட்டாள்.

"தளர்வு எதுக்கு?" என்றாள் டீச்சர்.

"மூச்சு விடத்தான்."

இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"பழக்கதோஷம்," என்றாள் அவள், தளர்வைக் குறைக்காமலே.

சாம்பல் நிற நூலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து எண்ணினாள். அங்குலத்துக்கு ஐந்து பின்னல் கண்ணி. செய்தித்தாளை விரித்து, அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த தோற்றத்தை மனதில் வைத்து உருவம் வரைந்தாள், எந்தத் தோள் இறங்க வேண்டும் என்று குறித்தாள். முதலில் முதுகு, பிறகு முன்பாகம் இரண்டு, பிறகு கைகள். அக்குளில் கண்ணி கண்ணியாகக் குறைத்து வளைவு எடுத்தாள். கண் எரிந்தது. விரல் மரத்துப்போனது. சாதம் வடித்ததா இல்லையா என்று நினைவில்லாத நாள்கள் இருந்தன. கண்டக்டர் மட்டும் வாரம் தவறாமல் அரை அங்குலம் குறைந்தார். வேலையில் இருந்தபோதும் அவர் நேரம் தவறாதவர்.

பத்தாம் வாரம் டேப் முப்பத்துமூன்றைக் காட்டியது. மாட்டிப் பார்த்தார்கள். வலது தோளில் இறுகி, இடது தோளில் தூக்கிக்கொண்டு, கார்டிகன் மெல்ல நழுவித் தரையில் விழுந்தது.

டீச்சர் செய்தித்தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "அண்ணி, பை எந்தத் தோள்ல மாட்டுவாரு?"

"இந்தப் பக்கம்," என்று அவள் தன் வலது தோளைத் தொட்டாள்.

"அது நீங்க எதுர உக்காந்து பாத்த பக்கம். அவருக்கு அது இடது."

இத்தனை வருடத்தில் அவரோடு பக்கத்தில் நடந்ததைவிட, எதிரே உட்கார்ந்து ஊசியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்ததுதான் அதிகம். அக்குள்வரை பிரித்துத் திரும்பப் பின்ன மூன்று வாரம் ஆகும். அதற்குள் இன்னும் ஒன்றரை அங்குலம் போய்விடும், கார்டிகன் தொளதொளத்து மறுபடி விழும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரிப்பதற்குக் கத்தரிக்கோலை எடுக்கக்கூட அவளுக்கு மனமில்லை, உடம்பில் தெம்பும் இல்லை. நாற்காலி கடகடத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கார்டிகனை மடியில் இழுத்துப் போட்டு, அதன் இரண்டு கைகளையும் உள்வழியாக இழுத்து, தலையணை உறையைத் திருப்புவதுபோல முழுவதையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். வலது இடதாகிவிட்டது. இறங்கிய தோள் இறங்க வேண்டிய பக்கத்துக்கு வந்தது.

"கரடுமுரடான பக்கம் வெளிய வந்துடுச்சே அண்ணி. தையலெல்லாம் தெரியுது. பொத்தான் வேற பொம்பளைங்க சட்டை மாதிரி."

"மெத்துன்னு இருக்கிற பக்கம் அவருக்கு இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு எது இருந்தா என்ன?"

மாட்டி, கீழிருந்து மேலாக ஆறு பொத்தானும் போட்டாள். தோள் பதிந்தது. முதுகு சுருங்காமல் நின்றது. கை சரியாக மணிக்கட்டில் முடிந்தது. நாற்காலி ஓய்ந்தது. அடுத்த வாரமும் முப்பத்துமூன்று, அதற்கடுத்த வாரமும் முப்பத்துமூன்று. நான்காம் வாரம் அவள் டேப்பை எடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் பின்னத் தொடங்கியவள், பட்டப்பகலில் அப்படியே தூங்கிப்போனாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து கார்டிகனின் வலது முழங்கை தேய்ந்தது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் வலது முழங்கையை ஊன்றி நிற்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. சாம்பல் நிறத்தில் அதே நூல் கிடைக்கவில்லை. பழுப்பு நூலில் ஒட்டுப் போட்டாள், இந்த முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து.