பூவாளி

அப்பாவைக் குளிப்பாட்ட முற்றத்தில் பெஞ்சு போட்டபோது, இலக்கியா கொட்டகையில் வடிகட்டும் இயந்திரத்தின் வால்வை மூடிக்கொண்டிருந்தாள். கேனில் பாதிதான் நிறைந்திருந்தது.

"சாவு வூட்ல மிசின் ஓட்டிக்கினு இருக்கா பாரு," என்றான் அண்ணன் சரத்குமார், எல்லோருக்கும் கேட்கும்படி. "காரியம் முடியட்டும். மொத வேலையா அதப் பேத்து எறியறேன்."

அவள் கேனின் மூடியைத் திருகினாள்.

அவர்கள் நிலத்து ஆழ்துளைக் கிணற்றில், செடியைக் கருக்கும் போரான் என்ற தாது அதிகம். அப்பா அய்யனார் வளர்த்த எலுமிச்சைக் கன்றுகள் இலை நுனி கருகிச் செத்தன. சவ்வு வடிகட்டியை வாங்க வைத்தவள் இலக்கியா. தண்ணீர் இனித்தது, கருகல் நிற்கவில்லை. "தண்ணி பாயசமாட்டம் கீது, கன்னு மட்டும் சாவுது," என்று அப்பா சிரிப்பார். அண்ணன் சிரித்ததில்லை.

உப்பைத் தடுத்த சவ்வு போரானை விட்டுவிட்டது. சோடாக் காரம் கலந்து மறுபடியும் சவ்வில் செலுத்தினால்தான் அது நிற்கும் என்று அவள் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு கோடை போய்விட்டது. இந்த மாதம்தான் அப்படி வடித்த நீரில் காரத்தை முறித்து, ஒரே ஒரு வரிசைக் கன்றுகளுக்கு மட்டும் அவளும் அப்பாவும் ஊற்றிப் பார்த்தார்கள். இன்று காலை அந்த வரிசையின் ஓரத்தில்தான் அப்பா பூவாளியோடு சரிந்து கிடந்தார்.

"எந்தத் தண்ணிடா எடுக்கறது?" அத்தை காசியம்மாள் குடத்தோடு நின்றாள்.

"போர்த் தண்ணிதான். இவ தண்ணி என் அப்பன் மேல படக்கூடாது."

"உனுக்கு மட்டுமாடா அப்பன்?"

அத்தை கேட்டு முடிக்கும் முன் இலக்கியாவே போய் போர் மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

குடம் குடமாக ஊற்றினார்கள். சரத்குமார் அப்பாவின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக் கழுவினான். பெஞ்சுக்கடியில் தேங்கிய போர்த் தண்ணீர் சரிவில் இறங்கி, அந்த வரிசையை நோக்கி ஓடியது. இலக்கியா பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சரத்குமார் குடத்தை அத்தையிடம் கொடுத்தான். ஈர வேட்டியோடு போய்க் குனிந்து, ஒரு கன்றின் புது இலையைத் திருப்பிப் பார்த்தான். நுனி வரை பச்சை. அடுத்ததையும் பார்த்தான். பிறகு குதிகாலால் மண்ணை இழுத்து வரப்புக் கட்டினான். தண்ணீர் முட்டி நின்று, தெருப்பக்கம் திரும்பியது.

"டேய், அங்க இன்னா பண்ற? தொடைக்கணும், வா."

"வரேன்த்த."

கவிழ்ந்து கிடந்த பூவாளியை எடுத்து வந்து, கொட்டகை வாசலில் தங்கையின் காலருகே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், துண்டை வாங்கப் போனான்.